அந்த ஞாயிறும் நான்தான்

வாருங்கள், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கையில் இருக்கிற வேலையைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. உங்களுக்கு ஒரு திருட்டுக் கதை சொல்லப் போகிறேன். ஒரு பொருளும் களவு போகாத திருட்டு. அதிலும் குற்றவாளி தன் வாயால் ஒத்துக்கொண்ட பிறகுதான் துப்பறிகிறவரின் கதவையே தட்டினார்கள்.

அந்தத் துப்பறிகிறவருக்கு மௌனம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, பழகியவர்கள் வைத்தது. முப்பது வருடம் கணினிகளைப் பழுதுபார்த்தவர். இயந்திரங்களோடு இருந்து இருந்து வாய் சுருங்கிவிட்டது. இரண்டாம் மாடியில் ஒரே அறை. அலுவலகமும் அதுதான், வீடும் அதுதான். யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் நடுவில் இருக்கும் திரையை இழுத்துவிடுவார். ஒற்றைத் தலையணை வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதே.

அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேச ஓர் உதவியாளர் உண்டு. இருபத்திரண்டு வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்த பெண்மணி. வேலை போன பிறகும் 'கண்டக்டர்' என்கிற பெயர் அவளை விட்டுப் போகவில்லை. முகத்தைப் பார்த்தே இறங்கும் இடத்தைச் சொல்லிவிடுவேன் என்பாள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும்.

அன்று வியாழக்கிழமை, காலை பத்தரை. அறுபத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தோளில் ஒரு லேப்டாப் பை, கையில் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட ஒரு தாள். புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அந்தச் சொல்லடைவைத் தயாரிப்பதுதான் அவருக்குத் தொழில். வீட்டிலிருந்தே வேலை. கணவர் போய் நான்கு வருடம். தனி ஆள்.

அவர் சொன்னது இது. ஒரு புத்தகத்துக்கு அடைவு போட்டு முடிக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை திரையில் நாற்பது ஜன்னல் திறந்தே இருக்கும். தினமும் மாலை நான்கு மணிக்கு எல்லாவற்றையும் அப்படியே தூங்க வைத்துவிட்டு, நூலகம் வரை நடந்துபோய்த் திரும்புவார். காலையில் எழுப்பினால் விட்டது விட்டபடி இருக்கும். இரண்டு மாதமாகச் சில நாட்கள் அப்படி இருப்பதில்லை. ஜன்னல்கள் ஒன்றும் இல்லை, பேட்டரி காலி. ஒருநாள் நடந்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் பெட்டி காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரிச் சுட்டது. தான் இல்லாத நேரத்தில் யாரோ வந்து திறந்து பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுச் சாவி இன்னொன்று இருப்பது ஒரே ஆளிடம். நாத்தனார், கணவரின் தங்கை. செவ்வாயும் வெள்ளியும் மதியம் வந்து, சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். அறுபது வயதானாலும் குடும்பத்தில் அவருக்குப் பெயர் குட்டி. பெட்டி கெட்டுப்போன நாட்களும் செவ்வாய், வெள்ளி. முந்தாநாள் நேருக்கு நேர் கேட்டுவிட்டாராம்.

"மழுப்புவான்னு நினைச்சேன். ஆமாம் அண்ணி, நான்தான்னு சொல்லிட்டா. சாவியையும் கழட்டிக் குடுத்துட்டா" என்றார் அடைவுக்காரம்மா.

கண்டக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "டிக்கெட் எடுத்தாச்சு, இறங்கவும் இறங்கியாச்சு. இதுல எங்களுக்கு என்னம்மா வேலை?"

அவர் பையின் வாரை முறுக்கினார். அந்தப் பெட்டியில் ஒரு கோப்பு இருக்கிறதாம். தினமும் நான்கு வரி, போய்ச் சேர்ந்த கணவருக்கு எழுதுகிற கடிதம். குட்டி அதில் எவ்வளவு படித்தாள் என்று தெரிய வேண்டும். அவளைப் பற்றியும் அதில் இருக்கிறதாம்.

"நல்லதாவா?" என்று கேட்டாள் கண்டக்டர்.

"பாதி" என்றார் அவர்.

மாலை நான்கு மணிக்குப் பூட்டுக்காரர் வருகிறார் என்றும் சொன்னார். குட்டி இன்னொரு சாவி செய்து வைத்திருந்தால்? பூட்டையே மாற்றிவிட்டால் நிம்மதி. நிம்மதி என்கிற சொல்லை அவர் சொன்ன விதம் மௌனத்துக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர உரிமையுள்ள கடைசி ஆள் குட்டி. பூட்டு மாறிவிட்டால் அப்புறம் செவ்வாயும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான்.

பெட்டியோடு வேறு ஏதாவது இணைப்பீர்களா என்று மட்டும் கேட்டார். அடைவுக்காரம்மா தரையைப் பார்த்தபடி, சார்ஜரைத் தவிர ஒன்றும் இல்லை என்றார். பெட்டியையும் தாளையும் வைத்துவிட்டுப் போனார்.

லேப்டாப்புக்கு இரண்டு வகைத் தூக்கம் உண்டு. ஒன்று கோழித்தூக்கம். மூடினால் கண்ணயரும், ஆனால் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஹைபர்னேட் என்கிற நெடுந்தூக்கம். மனசில் இருப்பதையெல்லாம் உள்ளே இருக்கிற சேமிப்பு வட்டில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைந்துவிடும். அடைவுக்காரம்மாவின் பெட்டிக்கு இரண்டாவது வகை. தூங்கப் போனது, எழுந்தது, யார் கடவுச்சொல் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பெட்டி தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கும். மௌனம் கடிதக் கோப்பின் பக்கமே போகாமல் அந்த நாட்குறிப்பைத் திறந்தார்.

கெட்டுப்போன நாட்கள் ஒவ்வொன்றிலும் ஒரே கதை எழுதியிருந்தது. நான்கு மணிக்குத் தூங்கப் போகிறேன். அடுத்த நிமிடம், முடியவில்லை, ஒரு சாதனம் விட மறுக்கிறது. அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை, யாரும் கடவுச்சொல் கொடுக்கவில்லை. பேட்டரி தீரும்வரை பெட்டி இருட்டில் தனியாக விழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்போ யாருமே வரலையா?" என்றாள் கண்டக்டர்.

யாரும் வரவில்லை என்று மௌனம் தலையசைத்தார்.

"வராத அம்மா எதுக்கு வந்தேன்னு சொன்னாங்க? வித்தவுட்ல பிடிபட்டவன் டிக்கெட் இருக்குன்னு சாதிப்பான், பார்த்திருக்கேன். டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு நான் வித்தவுட்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

முதல் கோளாறு வந்த நாளுக்கு முந்திய நாள், இயங்குதளத்தின் கெர்னல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. கெர்னல் என்றால் இயங்குதளத்தின் உள்கரு. பெரிய வீட்டு மூத்த மருமகள் மாதிரி. எல்லாரையும் படுக்க வைத்துவிட்டுத்தான் தான் படுக்கும். ஒருவர் அடம்பிடித்தாலும் அதற்கும் தூக்கமில்லை. பழைய கெர்னல் பிடிவாதக்காரர்களைச் சமாளித்துத் தூங்க வைத்தது. புதியது தடுமாறுகிறது. பிழை கெர்னலில் இருக்கிறது என்று மௌனத்துக்கு ஓரளவு பிடிபட்டது. அடம்பிடிக்கிற சாதனம் எது என்றுதான் தெரியவில்லை. நாட்குறிப்பில் ஓர் எண் மட்டும் இருந்தது. மூன்று தடவை தூங்க வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் சமர்த்தாகத் தூங்கி, சமர்த்தாக எழுந்தது.

"டாக்டரைப் பார்த்ததும் வலி போயிடுமே, அந்த ரகம்" என்றாள் கண்டக்டர்.

மௌனம் தாளை எடுத்தார். தொழில் புத்தி போகுமா? அடைவுக்காரம்மா இரண்டு மாதத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, வீட்டுக்கு யார் வந்தார்கள், பெட்டி என்ன ஆயிற்று என்று குறித்திருந்தார். செவ்வாய், குட்டி வந்தாள், பெட்டி கெட்டது. வெள்ளி, அதேதான். பதினைந்து இடத்தில் இப்படி. இரண்டே இரண்டு இடத்தில் வரிசை பிசகியது. ஒரு செவ்வாயன்று குட்டி வந்திருக்கிறாள், ஆனால் பெட்டி நன்றாகத் தூங்கியிருக்கிறது. அன்றைக்கு மதியம் குழாய்க்காரரும் வந்திருக்கிறார், ஐந்து மணிவரை வேலை. இன்னொன்று ஒரு ஞாயிறு. பழைய சிநேகிதி ஒருத்தி வந்து போயிருக்கிறாள். குட்டி வராத அந்த நாளில் பெட்டி கெட்டிருக்கிறது. கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: இதையும் ஒத்துக்கொண்டாள்.

மௌனத்தின் விரல் அதற்கு அடுத்த செவ்வாயில் நின்றது. 'குட்டி வந்தாள். கறுப்புக் கண்ணாடி. கண் வலியாம்.'

கண்டக்டர் எட்டிப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

குட்டியின் வீடு பேருந்தில் அரை மணி நேரம். தரைத்தளத்தில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை. துணிக்கொடியில் ஒரே ஒரு துண்டு. இவர்கள் யாரென்று சொன்னதுமே குட்டி, தான்தான் அண்ணியின் பெட்டியைத் திறந்ததாகவும், சும்மா பொழுது போகாமல் பார்த்ததாகவும் ஒப்பித்துவிட்டார். எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டதற்குப் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்தியதாகச் சொன்னார். பெட்டியில் பக்கவாட்டுப் பொத்தானே கிடையாது. மௌனம் அதைத் திருத்தவில்லை.

கண்டக்டர் தண்ணீர் கேட்டுவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். கண் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. அடியில் மடித்து வைத்த மருத்துவமனைச் சீட்டு. இருபத்திரண்டு வருடம் சீட்டில் தேதி பார்த்த கண்கள் அவை, எடுக்காமலே படித்துவிட்டாள். சனிக்கிழமை கண்ணில் அறுவை. திங்கட்கிழமை காலைதான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.

"அந்த ஞாயித்துக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனீங்களாம்மா?" என்றாள்.

"ஆமாம். அந்த ஞாயிறும் நான்தான்."

"கண்ணுல கட்டோட, ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து எழுந்து போனீங்களா?"

குட்டி உட்கார்ந்துவிட்டார். கூட யார் இருந்தார்கள் என்று கண்டக்டர் கேட்டதற்கு, நர்ஸ் நல்ல பெண் என்றார். அண்ணிக்குச் சொல்லவில்லையா என்றதற்கு, அவர்களே தனியாக இருக்கிறார்கள், அவர்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்றார். செய்யாத தப்பை ஏன் சுமக்கிறீர்கள் என்றும் கேட்டாள். அதற்குக் குட்டி மௌனத்தின் முகத்தைப் பார்த்துத் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"கோளாறு அந்தப் பெட்டியிலதான்னு நிச்சயமா உங்களால சொல்ல முடியுமா?"

"இன்னும் முடியாது" என்றார் மௌனம். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்போ நான்தான்" என்றார் குட்டி.

அவரையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். வரமாட்டேன் என்றவரைக் கண்டக்டர், உள்ளே வர வேண்டாம், வாசலில் நின்றால் போதும் என்று சமாதானம் சொல்லி ஏற்றினாள்.

அடைவுக்காரம்மாவின் வீட்டுக்குப் போனபோது மணி மூன்றரை. பூட்டுக்காரர் முன்னதாகவே வந்து பழைய பூட்டில் இரண்டு திருகைக் கழற்றியிருந்தார். கண்டக்டர் அவர் தோளைத் தட்டி, "ஹோல்டான். வண்டி கொஞ்சம் நிக்கட்டும்" என்றாள். அவர் திருப்புளியைப் பிடித்தபடியே நின்றார். குட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டார்.

மேசை அறை சுத்தமாக இருந்தது, அடுக்கிய புத்தகங்களும் ஒரு நாற்காலியுமாக. பெட்டி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு தடம். மௌனம் குனிந்து பார்த்தார். கண்டக்டரும் குனிந்தாள்.

"டம்ளர் தடம் இல்ல சார். டம்ளர்னா ஈரம் பட்டு வெளுத்திருக்கும். இது ரப்பர் கால்."

அடைவுக்காரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு சிறிய ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். லேப்டாப்பில் செருகிக் கேட்பது. பாட்டுக்கூட இல்லை, யாராவது நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சியாகப் பார்த்துப் போடுவாராம். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனிப்பதில்லை. குரல் கேட்டால் போதும். இதைப் போய் வெளியில் எப்படிச் சொல்வது என்றார்.

மௌனம் ஸ்பீக்கரைச் செருகினார். பேச்சை ஓடவிட்டார். ஹைபர்னேட்டை அழுத்தினார். திரை இருண்டது.

"தூங்கிடுச்சே" என்றார் அடைவுக்காரம்மா.

மௌனம் அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆகியும் சூடு இறங்கவில்லை. பிறகு அணைத்துத் திறந்து, ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை ஓசை அடங்கியது. கைக்கடியில் பெட்டி மெல்லக் குளிர்ந்தது. நாட்குறிப்பில் இருந்த எண் ஸ்பீக்கரின் எண்தான்.

தான் பார்த்தவரையில் மௌனம் இவ்வளவு நேரம் பேசியதில்லை என்று கண்டக்டர் பிற்பாடு சொல்வாள். புதுக் கெர்னலுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒத்துவரவில்லை, அது செருகியிருந்தால் பெட்டியால் தூங்கவே முடியாது என்று விளக்கினார். யாரும் வரவில்லை, எதையும் படிக்கவில்லை என்றார். பிறகு அவருடைய தாளையே எடுத்து மேசையில் விரித்தார்.

"வந்தவங்க எல்லாரையும் குறிச்சிருக்கீங்க. போனதைக் குறிக்கலை."

அவர் விழித்தார். அடைவு போடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற சொல்லைத்தான் குறிப்பார்கள். இல்லாமல் போன சொல்லுக்குப் பக்க எண் ஏது?

"உங்க நாத்தனார் வந்த நாள்ல பெட்டி கெட்டது நிஜம்தான். ஆனா அவங்க வந்ததால இல்ல. போனதால" என்றார் மௌனம்.

குட்டி கிளம்பிய மூன்று மணிக்கு மேல்தான் வீடு தாங்க முடியாமல் போயிருக்கிறது. உடனே ஸ்பீக்கர். நான்கு மணிக்கு அதைப் பிடுங்காமலே பெட்டியை மூடியிருக்கிறார். அந்த ஞாயிறு சிநேகிதி போன பிறகும் அதேதான். குழாய்க்காரர் இருந்த செவ்வாயன்று ஐந்து மணிவரை சமையலறையில் ஓர் ஆள் சத்தம் இருந்தது, ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. யாரும் வராத நாட்களில் அமைதி பழகிப்போயிருந்தது. வந்து போன நாளில்தான் அது காதை அடைத்தது.

அப்போது வாசல்பக்கமிருந்து குரல் வந்தது. பூட்டுக்காரரை ஒதுக்கிக்கொண்டு குட்டி உள்ளே வந்திருந்தார்.

"அண்ணி திறந்து வெச்சுட்டு மறந்துபோகலையே? நிச்சயமா பெட்டிதானே?"

நிச்சயம் என்றார் மௌனம்.

குட்டி மௌனத்தைப் பார்த்தே சொன்னார். "அவங்க அம்மாவுக்கு மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வெச்ச பொருளை யாரோ எடுத்துட்டாங்க, யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்கன்னு. அண்ணி என்னைக் கேட்டப்போ அதேதான் என் மனசுல ஓடிச்சு. நான் இல்லைன்னு சொன்னா, அப்போ யாருன்னு யோசிப்பாங்க. யோசிச்சா அங்கதானே போய் நிப்பாங்க? அதுக்கு நான் திருடியா இருந்துட்டுப் போறேன்."

அடைவுக்காரம்மா எழுந்திருக்கவில்லை. தாளில் இருந்த கட்டங்களைப் பார்த்தபடியே பேசினார்.

"எதுக்கு நான் இந்தத் தாளைக் கோடு போட்டு எழுதினேன்னு நினைக்கிறே? எனக்கும் அதே பயம்தான். நீதான்னு ஆயிட்டா, நான் இல்லைன்னு ஆயிடும். நீ ஒத்துக்கிட்ட அன்னைக்கு எனக்குக் கோபமே வரலை குட்டி. நிம்மதியா தூங்கினேன். அதை நினைச்சாத்தான் இப்போ வெட்கமா இருக்கு."

கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அப்புறம்தான் கேட்டார். குட்டி சொன்னார். யார் கூட இருந்தார்கள் என்று கேட்டார். நர்ஸ் நல்ல பெண் என்று அதே பதில். அடைவுக்காரம்மா நாத்தனாரின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் கேட்காமலே பழைய திருகுகளை முடுக்கத் தொடங்கினார்.

கெர்னலைச் சரிசெய்ய முடியாதா என்று அடைவுக்காரம்மா கேட்டார். அது தன் கையில் இல்லை, அதை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரிவிக்க வேண்டும், சரியாக நாளாகும் என்றார் மௌனம். அதுவரை நான்கு மணிக்கு ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டுத் தூங்க வைத்தால் போதும்.

"நான் கிளம்பும்போது பிடுங்கி வெச்சுட்டுப் போறேன்" என்றார் குட்டி.

"அம்மா, நீங்க கிளம்பின பிறகுதானே அதைச் செருகுறாங்க" என்றாள் கண்டக்டர்.

அடைவுக்காரம்மா ஸ்பீக்கரின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அப்போ நாலு மணி வரைக்கும் இரு. பெட்டி தூங்கினதும் ரெண்டு பேருமா நூலகம் வரைக்கும் நடக்கலாம்."

குட்டி பேருந்து நேரத்தைப் பற்றி ஏதோ முனகினார். ஆனால் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

திரும்பும் வழியில் கண்டக்டர் தன் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். மௌனம் படியேறித் தன் அறைக்குப் போனார். இன்னும் வெயில் இருந்தது. திரையை இழுக்க அவசியமில்லை, வருகிறவர் யாரும் இல்லை. உட்கார்ந்து, கெர்னலை எழுதுகிறவர்களின் பொதுப் பலகையில் கோளாறைப் பதிந்தார். எந்தப் பதிப்பிலிருந்து, எந்தச் சாதனம் செருகியிருந்தால், பெட்டி எப்படி விழித்தே கிடக்கிறது என்று. அடைவுக்காரம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கொஞ்சம் யோசித்து, கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்: இந்த ஒலிபெருக்கியைத் தனியாக இருப்பவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள், தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்.

மறுநாள் மதியம் திறந்து பார்த்தார். சரிசெய்தாகிவிட்டது என்று பதில் இல்லை. ஆனால் எங்கெங்கோ இருக்கிற ஏழு பேர், முகம் தெரியாதவர்கள், ஒருவர் கீழ் ஒருவராக அதே வரியை எழுதியிருந்தார்கள்.

எனக்கும் இதேதான்.

மௌனம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்டக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வழக்கு விஷயமா சார் என்று கேட்டாள். இல்லை, சும்மாதான் என்றார்.

கதை அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே வர ஓர் ஆளாவது என்றைக்கும் இருக்கட்டும். வந்தவர்கள் அவசரப்படாமல் உட்காரட்டும். உங்கள் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் படுத்து, ஒரு குறையும் இல்லாமல் எழுந்திருக்கட்டும். நன்றாக இருங்கள்.